இருநூற்றுப் பதினான்கு நிழல்கள்

ஆவணி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, சாலியக்குடியில் இருநூற்றுப் பதினான்கு பேரின் நிழல்கள் அவரவர் காலடியை விட்டு எழுந்து குணசேகரனின் உரக்கடைக்கு வந்து சேர்ந்தன. தவறு குணசேகரனுடையதுதான். பிற்பாடு அதை அவரே நான்கு பிரதிகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாலாவது பிரதியில் கையெழுத்து அழகாக விழுந்ததாகப் பெருமை வேறு.

நடந்தது இவ்வளவுதான். உழவர்கள் தங்கள் நிலம், மண் பரிசோதனை, வங்கி விவரங்களை, தாங்கள் சம்மதித்தால் மட்டும், தாங்கள் நம்பும் கடைக்கு அனுப்பிக்கொள்ள அரசு கண்காணிப்பில் ஓர் ஏற்பாடு வந்திருந்தது. அதில் சேர்ந்த கடைக்கு ஜெராக்ஸ் கட்டுகளிலிருந்து விடுதலை. ஆனால் சேர்வது லேசில்லை. ஆள் யோக்கியன்தானா என்று காவல் நிலையச் சான்று, புகார் வந்தால் யார் விசாரிப்பது என்று ஒரு பத்திரம், கணினியின் பூட்டு சரியா என்று ஒரு தணிக்கை. குணசேகரனுக்குப் பெண் கொடுத்தவர்கள்கூட இவ்வளவு விசாரித்ததில்லை. எட்டு மாதத்தில் எல்லாவற்றையும் தாண்டிவிட்டார். மிச்சமிருந்தது சோதனை ஓட்டம்: வாடிக்கையாளர்களிடம் சம்மதம் கேட்டுக் காட்ட வேண்டும். சாலியக்குடியில் யார் போனுக்கு எந்த ரகசிய எண் வந்தாலும் உரக்கடைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது வழக்கம். "அண்ணே, என்னமோ ஆறு நம்பர் வந்திருக்கு, எழுதிக்கங்க" என்றார்கள். எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த எண்களைப் போட்டு அத்தனை சம்மதத்தையும் அவரே அமுக்கினார். கடைசியதை அமுக்கியதும் வாசலில் வெளிச்சம் மங்கியது. மழை என்று நினைத்து யூரியா மூட்டைகளை உள்ளே இழுத்தார்.

நிழல்கள் மரியாதையானவை. மூட்டைகளின் மேல் சாய்ந்தும் தராசுக்கடியில் மடங்கியும் உட்கார்ந்துகொண்டன. குணசேகரனின் நிழல் மட்டும் அவர் காலடியிலேயே கிடந்தது. அது ஒன்றுக்குத்தான் முறைப்படி சம்மதம் இருந்தது. எதிர் டீக்கடை அப்துல் மஜீது எட்டிப் பார்த்து, "என்ன குணா, காசில்லாம ஏசி போட்டுட்ட போலருக்கு" என்று தன் பெஞ்சையும் அங்கே கொண்டுவந்து போட்டார். ஊரில் யாரும் கோபப்படவில்லை. புதுச் சட்டம் போலிருக்கிறது, நிழலைக் கொஞ்ச நாள் கடையில் வைக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். குணசேகரனுக்கு அதுதான் உறுத்தியது. நடுப்பகலில் களை பறிப்பவர்கள் நிழலில்லாமல் குனிந்து நிற்பதைப் பார்த்து, சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

இந்த ஏற்பாட்டில் சேரும் கடைகளின் பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த வானதி ஆச்சரியப்படவில்லை. முத்துப்பேட்டையில் ஒரு மீன் வியாபாரி இப்படியே செய்து, ஊராரின் குரலெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போயிருந்ததாம். நிழல்களை எண்ணி, சேதமில்லை என்று குறித்துக்கொண்டார். "ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன விவரம், எதுக்கு, எத்தனை நாளுக்குன்னு சொல்லிக் கேளுங்க சார். சரின்னோ வேணாம்னோ நேரா ஒரு பதில் வந்தா நிழல் தானா போயிடும். அதுவரைக்கும் பதிவேட்டுல உங்க பேர் ஏறாது."

கேட்டார். இரண்டு குறுவை, இரண்டு சம்பா அறுவடையாகும்வரை கேட்டார். வரப்பில், கல்யாணப் பந்தியில், நாகூர் போகும் பேருந்தில். "ஒங்களுக்குத் தெரியாததா", "நீங்க பாத்து செய்யுங்கண்ணே" என்றார்கள். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் கடையில் ஒரு நிழல் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தது.

ஏழு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்த ராசம்மாளுக்குத்தான் கஷ்டம் அதிகம். அவருடைய ஆடுகள் அவர் நிழலை ஒட்டி நடந்தே பழகியவை. மாலையானால் வீட்டுக்குப் போகாமல் உரக்கடைக்கு வந்து, அவர் நிழலோரம் படுத்துக்கொண்டன. தினமும் வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போனார். தினமும் குணசேகரன் கேட்டார். தினமும் "பாப்போம் தம்பி".

மாசி மாதத்தில் ஒரு நாள் குணசேகரன் கணினியை மூடிவிட்டு வெளியே வந்து, தன் நாற்காலியை ராசம்மாளுக்குப் போட்டார்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"கோவம் என்ன. சுத்துப்பட்டுல யூரியாவுக்கு ஒங்கடை ஒண்ணுதான். வேணாம்னு சொல்லிட்டு, நாளைக்கு வந்து எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மூட்டை கேக்குறது?"

ஒன்றரை ஆண்டாய்ப் புரியாதது குணசேகரனுக்கு அப்போது புரிந்தது. உரத்தை வைத்துக்கொண்டே சம்மதம் கேட்டிருக்கிறார்.

"வேணாம்னாலும் மூட்டை உண்டுக்கா. முதல் மூட்டை ஒங்களுக்குத்தான். நான் ஒரு மடையன், இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"மடையன்தான்" என்றார் ராசம்மாள். அதை நேராகவே சொன்னார். பிறகு தன் நிழலைப் பார்த்தார். "எங்கப்பா பண்ணையில எத்தனையோ காயிதத்துல கைநாட்டு வச்சாரு. என்னா ஏதுன்னு ஒருத்தரும் அவருகிட்ட கேக்கல. நீ கேட்டுட்ட." எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டார். "வேணாம் தம்பி. என் வயக்காட்டு வெவரம் எங்கிட்டயே இருக்கட்டும்."

மூட்டையிலிருந்து நிழல் எழுந்தது. கொஞ்சம் உரத்தூசி ஒட்டியிருந்தது. அது போய் அவர் காலடியில் விழுந்ததும் ஆடுகள் எழுந்து பின்னால் நடந்தன. மற்ற இருநூற்றுப் பதின்மூன்று நிழல்களும் தலையைத் திருப்பி அதையே பார்த்தன. குணசேகரன் சம்மதப் பதிவேட்டின் முதல் வரியில், நல்ல கையெழுத்தில், 'வேண்டாம்' என்று எழுதினார்.