மலைக்காரர்களின் சிவப்பு

தம்பி வலையில் போட்டிருந்த நன்றிப் பட்டியலில் அவன் பூனைக்குக்கூட இடம் இருந்தது. எனக்கு இல்லை. கடையில் சாப்பாட்டு நேரத்தில், எண்ணெய்க் கையோடு செல்போனைத் தள்ளித் தள்ளி இரண்டு முறை தேடினேன்.

தம்பி ஒரு பழைய போர் விளையாட்டுக்குச் சின்னங்கள் வரைகிறான். முகம் பார்த்திராத பத்துப் பேர் சேர்ந்து, அந்த விளையாட்டுக்குள் மலைக்காரர்கள், காட்டுக்காரர்கள் என்று புதிதாக ஒன்பது கூட்டங்களை நுழைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கொடியில் ஒரு சின்னம். வரைபடத்தைச் சுருக்கினால் சின்னம் அரிசி அளவுக்கு வந்துவிடும். கொம்பு, கோடரி எல்லாம் மறைந்து நிறம் மட்டும்தான் தெரியும். அந்த நிறம்தான் என் தம்பிக்கு வராது. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒரே சாணி நிறம். வீட்டைத் தாண்டி யாருக்கும் இது தெரியாது. நான் பெயிண்ட் கடையில் கலர் கலக்குபவள். மலைக்காரர்களுக்கு எந்தச் சிவப்பு, காட்டுக்காரர்களுக்கு எந்தப் பச்சை என்று யோசித்து, ஒவ்வொரு நிறத்தின் எண்ணையும் பெயரையும் அவனுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன். அவன் எண்ணை எடுத்து ஒட்டுவான், அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"எம் பேரு எங்கடா?"

"ஐயோ அக்கா, அது வேலை செஞ்சவங்களுக்கு. நீ சும்மா லிஸ்ட்டுதானே எழுதிக் குடுத்த." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்பெனி மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? கலர்ல எனக்குப் பிறவி ஞானமாம்!"

கொஞ்சம் வெட்கப்பட்டிருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அதை அவனே நம்பிவிட்டான் என்பது அவன் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. அந்த மேடம் பெரிய விளையாட்டு நிறுவனத்தில் ஓவியப் பிரிவுத் தலைவி. மறுநாள் இது வெளிவந்ததும், மூன்று மணிக்கு அவனிடம் பேசுவதாகச் சொல்லியிருந்தார். ஏறக்குறைய வேலை கிடைத்த மாதிரிதான். மூன்று வருடமாக வீட்டில் இருப்பவன். அப்பா அவனோடு முகம் கொடுத்துப் பேசியே மாதக்கணக்காகிறது.

அவன் குளிக்கப் போனான். நான் நிறப் பட்டியலைத் திறந்து, மலைச் சிவப்புக்கு நேரே காட்டுப் பச்சையின் எண்ணைப் போட்டேன். குளித்து வந்தவன் கடைசிக் கோப்புகளுக்கு அதிலிருந்தே நிறம் ஒட்டி, வேறு யாருக்கும் காட்டாமல் வலையேற்றினான். இரண்டு கூட்டமும் இப்போது ஒரே பச்சை. அவனுக்கு எப்போதும் போலத்தான் தெரிந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மானம் கப்பலேறியது. 'ரெண்டு மணி நேரமா என் படையையே வெட்டிக்கிட்டிருக்கேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'வரைஞ்சவருக்குக் கண்ணு இருக்கா?' என்று இன்னொருவர். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு. மூன்று மணிக்கு மேடம் அழைத்தபோது தம்பிக்குக் காது வரை வேர்த்திருந்தது. எடுத்த எடுப்பிலேயே பொய்யைத் தொடங்கினான்.

"அவங்க ஸ்க்ரீன்ல ஏதோ கோளாறு மேடம். எனக்கு ரெண்டும் நல்லா வித்தியாசமாத்தான் தெரியுது."



"பதட்டப்படாதீங்க," என்றார் மேடம். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்க ஸ்க்ரீனை எனக்குக் காட்டி, ரெண்டு கொடியையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. இதுல சிவப்பு எது?"

தம்பி மைக்கை அடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இதுல சிவப்பு எது?"

சின்ன வயதில் சட்டை வாங்கும்போது கேட்கிற அதே குரல். ரெண்டும் பச்சைடா, நான்தான் மாத்திட்டேன், உண்மையைச் சொல்லிடு என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்ல வாயைத் திறந்தேன். பூனைக்கு எழுதிய நன்றிதான் நினைவுக்கு வந்தது.

"இடது பக்கம்," என்றேன்.

அவன் கண்ணை மூடி மூச்சு விட்டான். பிறகு மைக்கைத் திறந்து, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, இடது பக்கக் கொடியைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டான்.