மேற்பலகை யாருக்கு?

1

திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டுக்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுக்கப் போன இடத்தில் ஓசியில் கிடைத்த கதை இது. கொலைக்கதை எழுதிப் பிழைப்பவன் நான். அங்கே மரத்தில் எழுத்து வெட்டும் மெஷினைப் பார்த்ததும் புத்தி கொலைக்குத்தான் போனது.

'கிர்ர்ர்... சுழலும் ரம்பத்தின் முன்னால் இஃப்பத்தின் கழுத்து—'

(அந்த வரியை அடித்துவிட்டேன். ரம்பம் சுழலாதாம். தையல் மெஷின் ஊசி போல, நூல் தடிமனில் ஒரு பிளேடு மேலும் கீழும் ஆடும். "இத வச்சு ஒரு ஆளக் கொல்லணும்னா, அவரு அரை நாள் அசையாமப் படுத்துக் கெடக்கணும் சார்" என்றாள் மெஷின்காரி இஃப்பத்.)

2

ஆகவே பிணம் இல்லை, மேசை உண்டு. தோல் வியாபாரி முகமது பாரூக் நாற்பது வருஷம் கை ஊன்றிய தேக்கு மேசை. அவர் மௌத்தானதும் மகன்கள் இஷாக்கும் அப்துல் கையூமும் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் இரண்டு வாசலிலும் அத்தா பெயர் வேண்டும், அதே மேசை மரத்தில்.

மேசைப் பலகையைத் தடிமன் வாக்கில் இரண்டாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக டேப்பில் ஒட்டி, ஒரே ஓட்டத்தில் எழுத்தை வெட்டினாள் இஃப்பத். மயிரிழை வித்தியாசம் கிடையாது.

கிடையாதா? மேல்பாதி அத்தா கை பட்டது. கீழ்ப்பாதி அவர் முழங்காலைத்தான் பார்த்தது.

இஷாக் போன் செய்தார். "மேப்பலக எனக்குத்தானேம்மா?"

பிளேடு வளைவில் இருந்தது. கை நின்றால் மரம் கருகும். "ஆமாண்ணே."

பத்து நிமிஷத்தில் கையூம். அதே கேள்வி.

"ஆமாண்ணே."*

* வேறு வளைவு.

3

அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று மேற்பலகையின் முதுகில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். புள்ளியும் போயிற்று.

இந்த இடத்தில் மூன்று திருப்பம் எழுதிப் பார்த்தேன். ரகசியக் கேமரா. போலி மேசை. மூன்றாவதைப் படித்த என் மனைவி, "சோறு ஆறுது" என்றாள்.

4

தொடர்கதைக்காரனுக்கு வேறென்ன தெரியும்? அண்ணன் தம்பி இருவரையும் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வரவழைத்தேன். இஃப்பத் ஒரு வார்த்தை பிசகினால், இனி ஒருவர் மையத்தை அடக்கம் பண்ணக்கூட மற்றவர் வரமாட்டார்.

"எது மேப்பலகனு தெரியலண்ணே" என்றாள். "ரெண்டு பேருகிட்டயும் பொய் சொல்லிட்டேன். தேச்சதுல எது எதுனு மாறிப்போச்சு."

இஷாக் அவளை மட்டுமே பார்த்தார். "அத்தாவோட வெள்ளி மோதிரம் உரசுன தடம் ஒண்ணு இருக்குமே. எந்த ஓரம்னு அவன்ட்ட கேளு."

கையூம் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். "அம்புட்டயும் தேச்சாச்சு, இனி என்னத்தத் தேடனு அவருட்ட சொல்லு."

(இங்கே அறை விழவேண்டும். அறை எழுத எனக்கு நன்றாக வரும்.)

இஷாக் இரண்டு பலகைகளையும் தடவினார். இரண்டும் வழவழவென்று இருந்தன. சட்டென்று திரும்பி, "ஏலே, அத்தா எந்தக் கையிலலே மோதிரம் போட்டிருந்தாரு?" என்றார். ஒரு வருஷத்தில் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

கையூம் வாயைத் திறந்தார்.

5

அந்த வாய்க்கு மூன்று வசனம் எழுதினேன். மூன்றும் என் வில்லன்கள் பேசுவது போலவே இருந்தன. உங்களுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால், நீங்களே எழுதிவிடுங்கள். அவர் ரொம்ப நேரமாக வாயைத் திறந்தபடி நிற்கிறார்.