வேதபாடம் முடியும் இடம்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது; ஒளிப்பானேன்? சர்ச் ஆராதனையில் வேதபாடம் வாசித்தவர், நான் காத்திருந்த வரிக்கு முந்தைய வரியிலேயே நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். மிச்சத்தை யார் வாசிப்பதாம் என்று வீடுவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

‘போதகர் அதிகாலையில் எழுந்து முழங்காலில் நின்றார். வெளியே வானம்…’

வேண்டாம், வானத்தை விடுங்கள். போதகர் சமையலறை வாசலில் நின்று, மனைவி துணி தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து தொடங்கலாம்.

2

மனைவி நகரசபை ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவில் நாற்பது கட்டிலுக்கு ஒரே ஆள். போன மாதம் வார்டின் இந்தக் கோடியில் ஒருவருக்கும் அந்தக் கோடியில் ஒருவருக்கும் சேர்ந்தாற்போல் மூச்சுத் திணறியது. அவள் ஒருவரிடம் ஓடினாள். மற்றவர் செத்துப்போனார். அதன் பிறகுதான் நர்ஸுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் போதகரின் சபையார்.

நகரசபைத் தலைவரும் இதே சபைதான், முதல் வரிசை. அவர் போதகரைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பிரசங்கத்துல நான் தலையிடுவேனா பாஸ்டர்? ஆளுறவங்களுக்கு அடங்கி நடக்கணும்னு வேதமே சொல்லுது. அதை ஞாபகப்படுத்தினாப் போதும்.”

(இவரை வில்லனாக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவருடைய அம்மா அதே வார்டில் கிடக்கிறார். இப்போது இவரே உடம்பு துடைத்து, படுக்கை மாற்றிவிடுகிறார். கேட்கும்போது அவர் கண் கலங்கியதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.)

3

எனக்குப் போதகர் மேல்தான் சந்தேகம். பயந்தாங்கொள்ளி என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அடங்கி நடக்கச் சொல்லும் அந்தப் பகுதி கடவுளின் வார்த்தை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். பிடிக்காத வசனத்தைத் தாண்டிப் போக நமக்கு என்ன உரிமை என்று தன்னையே கேட்டுக்கேட்டுத்தான் பிரசங்கத்தை எழுதி முடித்தார். அவர் அதைச் சொன்னால் திங்கட்கிழமையே பாதி நர்ஸுகள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். நாற்பது கட்டிலுக்கு மறுபடியும் ஒரே ஆள். அதுவும் அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு பாடம் வாசிக்கும் முறை அவர் மனைவியுடையது. எங்கே நிறுத்த வேண்டும் என்று போதகர் வேதபுத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். அவள் கோட்டைப் பார்த்தாள். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“பிரசங்கம் உங்க வேலை. நான் குறுக்க வரமாட்டேன். ஆனா அந்த மனுஷன் செத்த அன்னிக்குக் காலையில நான் வந்து எப்படி உக்காந்திருந்தேன்னு பார்த்தீங்கல்ல? அதையும் நெனச்சுட்டுப் பேசுங்க.”

(அவருக்காக மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே பிரசங்கமாக வந்து தொலைத்தன. அவர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார் என்றே இருக்கட்டும்.)

4

அவள் நிதானமாக வாசித்தாள். அடங்கியிருங்கள், வரி செலுத்துங்கள், மதிக்க வேண்டியவரை மதியுங்கள். முதல் வரிசையில் தலைவர் தலையாட்டினார். பென்சில் கோடு வந்தது. அவள் நிற்கவில்லை.

கோட்டுக்கு அப்புறமும் அதே நிருபக் கடிதம்தான், அதே கைதான் எழுதியது. எல்லாக் கட்டளையும் அயலானை நேசிப்பதில் அடங்கிவிடுகிறது, அன்பு அயலானுக்குத் தீங்கு செய்யாது என்று போகிறது. அந்த வரியை அவள் மறுபடி வாசித்தாள்.

‘இத்துடன் வேதபாடம் முடிந்தது’ என்று வாசிப்பவர் சொல்ல வேண்டும், சபை ஆமென் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். அவள் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தபடியே விட்டு இறங்கி, போதகர் குடும்பத்துப் பெஞ்சைக் கடந்துபோய், கடைசி வரிசையில் நர்ஸுகளோடு உட்கார்ந்தாள்.

5

போதகர் தாள்களைக் கிழித்தெறிகிறார் என்று முடிக்கலாம். அது சினிமா. எழுதியதை அப்படியே வாசிக்கிறார் என்றும் முடிக்கலாம். அப்படித்தான் நடக்கும் என்று பயப்படுகிறேன்.

அவர் எழுந்து வந்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

(கண்ணாடி இல்லாமல் அவரால் தன் கையெழுத்தையே படிக்க முடியாது. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.)

துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ள வைக்கவா, இல்லை மாட்டாமலே பேச வைக்கவா? கண்ணாடி இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. என்னைப் பார்க்காதீர்கள். நீங்களும் அங்கே ஒரு பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆமென் சொல்வதற்கு முன்னால் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்: இத்துடன்