நான் விடைபெறவில்லை

முன்பின் தெரியாத ஒரு பெண் என் வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டாள். என்னை அணியிலிருந்து துரத்தியாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

காலை ஏழரை மணி. முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு ஓட்ஸ் தின்றுகொண்டிருந்தேன். மெக்கென்னா ஸ்டோட்டில் என்ற பெயரில் போனில் செய்தி வந்தது.

"ஹாய்! மே மாசம் உங்க வீடு காலியாகுதாமே? வாடகை எவ்ளோ? கார் நிறுத்த இடம் இருக்கா? நாய் வச்சுக்கலாமா?"

பெயர் எனக்குத் தெரியும். ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறவள். அணியில் நான் நிற்கும் அதே இடத்தில் ஆடுகிறவள். ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுக்கிறாள்.

"காலியாகுதுன்னு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"உங்க கோச்தான். ஐயோ, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நீங்க இன்னிக்கு சீனியர் நைட்ல நடக்கறீங்கதானே? வாழ்த்துகள்!"

கூடவே ஒரு பூங்கொத்துப் படம். கையில் கிடைத்திருந்தால் அந்தப் பூங்கொத்தை அவள் வாயில் திணித்திருப்பேன்.

ஓர் ஆட்டக்காரி வேறு கல்லூரிக்குப் போகவேண்டுமென்றால் சீசன் முடிந்த பிறகு டிரான்ஸ்பர் பட்டியலில் பெயர் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு கல்லூரி கோச் அவளிடம் வானிலை பற்றிக்கூடப் பேசக்கூடாது. விதி அப்படி. இது பிப்ரவரி. அதற்குள் அவளுக்கு என் இடத்தைக் கொடுத்து, என் பணத்தைக் கொடுத்து, என் வீட்டையும் காட்டிக் கொடுத்திருக்கிறார் கோச் ஸ்டிக்லர்.

எனக்கு இன்னும் ஓர் ஆண்டு ஆட்டம் பாக்கி இருந்தது. இரண்டாம் ஆண்டில் முழங்கால் கிழிந்து சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்தேன். அந்த ஆண்டைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், பின்னால் ஆடிக்கொள்ளலாம். நர்ஸிங் படிப்பிலும் இன்னும் ஓர் ஆண்டு, ஆஸ்பத்திரிப் பயிற்சி. போன கோடையில், பல்கலைக்கழகம் முதல்முறையாக ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது, இரண்டு வருடக் காண்ட்ராக்ட் போட்டேன். முதல் வருடம் பன்னிரண்டாயிரம் டாலர். இரண்டாம் வருடம் முப்பத்தோராயிரமும் முழு ஸ்காலர்ஷிப்பும். ஃபுட்பால் பையன்களில் களத்தில் இறங்கவே இறங்காத மூன்றாம் வரிசைக்காரன் ஒருவன் வாங்குவதில் இது பாதி. அதுவும் இல்லையென்றால் நான் நர்ஸ் ஆகமுடியாது. என் அம்மா மிசிசிப்பியில் கெளுத்தி மீன் ஆலையில் மீன் அறுக்கிறாள். மீதிக் கட்டணத்தை அவள் கட்டுவாள் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அந்த ஆலைக்குள் போய் நின்று பார்க்கட்டும்.

சீனியர் நைட் என்பது சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். ஆட்டம் தொடங்குமுன் விளக்கை அணைத்துவிட்டு, கடைசி ஆண்டுக்காரிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு நடுவே நடந்துபோகவேண்டும். ஒலிபெருக்கியில் நம்மைப் பற்றி நாலு வரி படிப்பார்கள். கோச் கட்டிப்பிடிப்பார். பூங்கொத்து, கண்ணாடி போட்டு மாட்டிய நம் ஜெர்சி, போட்டோ. ஜனவரியில் கோச்தான் சொன்னார். "உன்னோட சேர்ந்த பொண்ணுங்க எல்லாம் நடக்கறாங்க. நீ மட்டும் அடுத்த வருஷம் தனியா நடக்கப்போறியா பாப்பா? இப்பவே நடந்துடு. உங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கிடைக்கும். இதுல ஒண்ணும் இல்லை."

ஒரு படிவம் கொடுத்தார்கள். பிடித்த சாப்பாடு, மறக்கமுடியாத ஆட்டம், எல்லாம் கேட்டிருந்தது. கடைசிக் கேள்வி: அடுத்து என்ன? நான் பெரிய எழுத்தில் எழுதினேன்: நர்ஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை எங்கே கண்டாலும் அப்படித்தான் எழுதுவேன். வீட்டில் நாலு பேர் படித்தவர்களாக இருந்தால், இந்தக் கேள்வியை எதற்குக் கேட்கிறார்கள் என்று யாராவது யோசித்திருப்பார்கள்.

மத்தியானம் மிஸ் ட்ரூயிட்டிடம் போனேன். விதிமுறை அலுவலகத்தில் இருபது வருடமாக இருக்கிறவள். யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டாள். வாடகை விஷயத்தைச் சொன்னேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். மேஜைமேல் இரண்டு தாள்களை வைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை. நீயே படிச்சுக்கோ."

முதலாவது, அன்று இரவு ஒலிபெருக்கியில் படிக்கவேண்டிய அட்டை. "ஜவேத்தா பிக்கன்ஸ், இன்றுடன் தன் ஆட்ட வாழ்க்கையை நிறைவுசெய்து, நர்ஸிங் பணிக்குச் செல்ல முடிவெடுத்திருக்கிறார்." இரண்டாவது என் காண்ட்ராக்ட். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. ஆட்டக்காரர் தன் ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக எழுத்திலோ பொது இடத்திலோ அறிவித்தால் இரண்டாம் ஆண்டுத் தொகையும் ஸ்காலர்ஷிப்பும் செல்லாது.

"நான் எங்க அறிவிச்சேன்?"

"இன்னும் அறிவிக்கலை." ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "அட்டையைப் படிக்கும்போது நீ நடந்து போய்ப் பூவை வாங்கினா, அறிவிச்ச மாதிரி. வீடியோவும் இருக்கும்."

"இது எத்தனை பேருக்கு நடந்திருக்கு?"

"எனக்கு ஒரு மீட்டிங் இருக்கும்மா."

கோடு போட்ட அந்தப் பென்சில் அவள் காதில்தான் செருகியிருந்தது. அவ்வளவு தைரியம்தான் அவளுக்கு. அதுவும் அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் இல்லை.

கோச் தன் அறையில் டை கட்டிக்கொண்டிருந்தார்.

"கோச், அந்த அட்டையை மாத்துங்க."

"எந்த அட்டை?"

"நான் ஆட்டத்தை முடிக்கறேன்னு எழுதியிருக்கற அட்டை."

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நர்ஸ் ஆகணும்னு நீதானே எழுதிக் கொடுத்தே? படிப்புதான் முக்கியம்னு சொல்ற பொண்ணு நீ. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா?"

"அடுத்த வருஷம் ஆடிட்டு நர்ஸ் ஆவேன்."

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா?"

"இந்த முழங்காலோடதான் இந்த வருஷம் இருபத்தாறு ஆட்டம் ஆடினேன். அப்ப கேக்கலையே?"

இப்போது திரும்பினார். "பாரு பாப்பா. பணம்னு வந்ததிலிருந்து இந்த ஆட்டம் கெட்டுப்போச்சு. யாருக்கும் விசுவாசம் இல்லை. நாலு வருஷம் சோறு போட்ட இடத்துக்கு நன்றி சொல்லிட்டுப் போற இரவு இது. இதைப் போய் நாறடிக்காதே."

விசுவாசம்! இந்த மனிதர் ஆறு வருடத்தில் மூன்று பல்கலைக்கழகம் மாறியவர். கடைசியாக மாறியபோது பழைய அணிப் பெண்களுக்குப் பஸ்ஸில் போகும்போது போனில்தான் செய்தி தெரிந்தது. கல்லூரி மாறிய ஆட்டக்காரிகளை முன்பெல்லாம் உட்காரவைத்ததுபோல, ஒரு வருடம் வேலை செய்யாமல் உட்கார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. புது வீடு, புது கார், மாலை போடாத குறை. டிவியில் கோட்டுப் போட்ட ஆட்கள் உட்கார்ந்து, ஆட்டக்காரர்கள் கண்டபடி தாவுகிறார்கள், கடிவாளம் போடவேண்டும் என்று பேசும்போது, கோச்சுகளுக்கும் சேர்த்துப் போடுங்கள் என்று ஒருத்தன் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. கடிவாளம் எல்லாம் எங்களுக்கு. தாவச்சொல்லி முதுகில் தட்டுவதும் அவர்களேதான்.

"மெக்கென்னாவுக்கு நாய் இருக்காம் கோச். எங்க கட்டடத்துல நாய் வைக்கக்கூடாது, சொல்லிடுங்க."

டை முடிச்சு பாதியில் நின்றது. "அட்டை பிரிண்டுக்குப் போயாச்சு," என்றார். "வெளிய போ."

அம்மா ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தாள். ஊதா கவுன். தலையில் சர்ச்சுக்குப் போடும் தொப்பி. மீன் வாசம் போக எலுமிச்சையால் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. மைதானத்துக்குள் போகும் சுரங்கவழியில் மற்றப் பெற்றோருடன் நின்றாள். நான் ஓரமாக இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"சரி. இப்ப நட. நாளைக்குச் சண்டை போடு."

"இப்ப நடந்தா நாளைக்குச் சண்டை போட ஒண்ணும் இருக்காதும்மா. ஸ்காலர்ஷிப் போயிடும்."

"நாலு வரி படிக்கறதுக்காடி ஸ்காலர்ஷிப் போகும்? அவ்ளோ பேர் உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடி உன்னை ஏமாத்துவாங்களா?"

"அவங்க முன்னாடிதான் ஏமாத்துவாங்க. அதுக்குத்தான் விளக்கு, பூ எல்லாம்."

"உனக்கு எப்பவும் இதான். பாயசத்துல கல்லைத் தேடறவ நீ." அவள் உண்மையில் சொன்னது பீச் பழப் பலகாரம் பற்றி. எரிச்சல் அதேதான். "நான் ரெண்டு நாள் லீவ் போட்டு வந்திருக்கேன். கவுன் வாங்கியிருக்கேன்."

"நான் நடக்கமாட்டேன்."

"வேத்தா."

"நடக்கமாட்டேம்மா."

விளக்கு அணைந்தது. முதல் பெண்ணைக் கூப்பிட்டார்கள், அப்பாவும் அம்மாவும் இருபக்கமும் போனார்கள். இரண்டாவது. மூன்றாவது. நான் நேராக நடந்துபோய் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, ஜெர்சிமேல் போட்டிருந்த பயிற்சிச் சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது. "இன்றுடன் தன் ஆட்ட வாழ்க்கையை..." வெள்ளை வெளிச்சம் சுரங்கவாய்க்குப் போய் என்னைத் தேடியது. நான் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாலாயிரம் பேர் கைதட்டி, தயங்கி, நிறுத்தினார்கள்.

அப்போது வெளிச்சத்துக்குள் ஊதா கவுன் வந்தது.

அம்மா தனியாக வந்தாள். கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு, தொப்பி நேராக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, பளபளக்கும் தரையில் வழுக்காமல் அடி எடுத்துவைத்து நடந்தாள். கூட்டத்துக்கு என்ன தோன்றியதோ, எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். கோச்சின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு நொடிதான் திகைத்தார். அப்புறம் கையை அகல விரித்து அவளைக் கட்டிக்கொண்டார். பூங்கொத்து, ஜெர்சி, போட்டோ. எல்லாம் ஆயிற்று. நான் இல்லாமலே எனக்கு விடைகொடுத்தார்கள்.

எனக்கு யாரை முதலில் அடிப்பது என்று தெரியவில்லை.

பெஞ்சுக்கு வந்த கோச் குனிந்து, காதோரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "உங்கம்மாவே வந்து வாங்கிட்டாங்க. அப்புறம் என்ன?"

"எங்கம்மா உங்ககூட காண்ட்ராக்ட் போடலை கோச். போட்டது நான். நான் இங்கதான் உக்காந்திருந்தேன். வீடியோ இருக்கும்."

"அடுத்த வருஷம் உன்னை ஒரு நிமிஷம் தரையில இறக்கமாட்டேன்."

"இறக்காதீங்க. உக்காரவும் அதே சம்பளம்தான்."

சொன்னதைச் செய்தார். அடுத்த சீசனில் இருபத்தொன்பது ஆட்டம், நான் ஆடியது மொத்தம் ஆறு நிமிடம். அணியில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. மெக்கென்னா வேறெங்கோ போனாள். போகுமுன், பணப்பேய் என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அவளுக்கு வாயால் வாக்குக் கொடுத்த ஆளுக்கு அனுப்பவில்லை. நான் காலையில் ஆஸ்பத்திரிப் பயிற்சி, மாலையில் பெஞ்ச் என்று அந்த வருடத்தை உட்கார்ந்தே ஓட்டினேன். ஆட்டம் எனக்குப் பிடிக்கும். அந்தக் கடைசி வருடம் எனக்கு ஆடக் கிடைக்கவில்லை. ஸ்டெதஸ்கோப் கிடைத்தது, சரிக்குச் சரி என்று யாராவது சொன்னால் அவர்களோடும் எனக்குச் சண்டைதான்.

அந்த சீனியர் நைட் ஆட்டம் முழுவதும் அம்மா ஜெர்சியின் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அங்கே பெஞ்சிலிருந்தே மிஸ் ட்ரூயிட்டுக்கு ஒரு வரி மெயில் அனுப்பினேன்: நான் எதையும் அறிவிக்கவில்லை, அடுத்த ஆண்டும் இருக்கிறேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: "பதிவு செய்யப்பட்டது." ஆட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அம்மாவைப் பிடித்தேன்.

"எதுக்கும்மா போனே? அத்தனை சொன்னேனே?"

"நீதானே நடக்கக்கூடாது? நான் நடந்தா என்ன?"

"அது எனக்கு விடைகொடுக்கற சடங்கும்மா. நீ போய் அந்தாளைக் கட்டிப்பிடிச்சுட்டு வர்றே!"

"அவன்தான் கட்டிப்பிடிச்சான். சென்ட் நாத்தம்." பின்சீட்டில் ஜெர்சிப் பெட்டியைப் படுக்கவைத்து, கண்ணாடி உடையாமல் தன் கோட்டைச் சுற்றினாள். "இருபத்திரண்டு வருஷமா அந்த ஆலையில என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. நானூத்திப் பதினேழு. இங்க, எர்லின் பிக்கன்ஸ்னு மைக்ல சொன்னான். ஜவேத்தாவோட அம்மான்னு சொன்னான். நான் என்ன, செவிடி மாதிரி நிக்கணுமா?"

"என் படிப்பே போயிருக்கும்!"

"போச்சா?"

"போகலை."

"அப்புறம் என்ன கத்தறே?" கதவை அறைந்து சாத்தினாள். சாவியைப் போட்டாள். பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "அடுத்த வருஷமும் இந்த மாதிரி நைட் வருமில்ல?"

"வரும்."

"உன்னைக் கூப்பிடுவானா?"

"கூப்பிடமாட்டான். ஒரு தடவை கொடுத்தாச்சும்பான்."

"பாத்தியா," என்றாள் அம்மா, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "இன்னிக்கே போனது நல்லதாப் போச்சு."