ஒரு நம்பருக்கு ஒரு பெயர்

ஒழுங்கில்லாத ஃபைலைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரே வரிசையில் ஒருவன் நம்பருக்கு முன்னால் பூஜ்யம் போட்டிருப்பான், இன்னொருவன் +91 போட்டிருப்பான், மூன்றாமவன் 'மருமகன் நம்பர், சாயங்காலம் மட்டும்' என்று கதை எழுதியிருப்பான். அப்போது வாய்க்குள்ளேயே எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் திட்டுவேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது என்பது ஒரு வசதி.

ஆவணி மாதம் அப்படி ஒரு ஃபைல் என் தலையில் விழுந்தது. வில்லாபுரத்தில் ஒரு மாடியில் இருக்கிற எங்கள் கால் சென்டர், ஒரு டயாலிசிஸ் சென்டருக்காகப் போன் எடுக்கிறது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வாரம் இரண்டு முறை வேன் அனுப்பிக் கூட்டிவந்து, ரத்தம் சுத்தம் செய்து, திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். வேன் சம்பந்தமான போனெல்லாம் எங்களுக்குத்தான் வரும். புது சிஸ்டம் வாங்கியிருந்தார்கள். போன் அடித்ததுமே கூப்பிடுகிறவர் பெயர் திரையில் தெரியும். வேன் டிரைவருக்குத் தினமும் போகிற லிஸ்ட்டையும் அதுவே தயார்செய்துவிடும். அதற்கு நம்பர், பெயர், ஏறும் இடம் என்று ஒரு பட்டியலை நான் ஒழுங்குபடுத்திக் கொடுக்க வேண்டும். நம்பர் சரியாகப் பத்து இலக்கம். ஒரு நம்பருக்கு ஒரு பெயர். இரண்டு பெயர் இருந்தால் மொத்த ஃபைலையும் சிஸ்டம் துப்பிவிடும்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். பூஜ்யங்களை எடுத்தேன், இடைவெளிகளை எடுத்தேன், மருமகன்களை எடுத்தேன். கடைசியாக, ஒரே நம்பர் திரும்ப வந்தால் முதல் வரியை மட்டும் வைத்துக்கொள்ளும் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் பட்டனை அழுத்தினேன். அறுபத்தெட்டு வரிகள் நீக்கப்பட்டன என்று வந்தது. பெரும்பாலும் ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவைத்த வரிகள்தான். அந்தப் 'பெரும்பாலும்' எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் போன் எடுக்கிற சாயிரா பானுவுக்கு உறைத்தது. நான் பட்டனை அழுத்தும் முன்பே என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பாபு அண்ணே, ஒரே நம்பர்ல பேரு வேற வேறயா இருக்கே. ஊர்ப்பக்கம் ஒருத்தர் நம்பரத்தான் நாலு பேரு குடுப்பாக. எங்க மாமி வீட்டுலயே அப்பிடித்தாண்ணே."

"சிஸ்டம் ஏத்துக்காதுங்கிறேன், நீ மாமி கதை சொல்ற. போன் வந்தா எடும்மா. ஃபைலு ஏம் வேலை."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு என் திரைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஃபைல் ஒரே தடவையில் ஏறியது. மேனேஜர் வந்து கை குலுக்கினார்.

மூன்று மாதம் எந்தக் குறையும் இல்லை. கார்த்திகையில் ஒரு காலை, திருமங்கலம் தாண்டி ஊர்ப்பாதை பிரிகிற ஒரு விலக்கிலிருந்து முத்துப்பாண்டி என்பவர் கூப்பிட்டார். தன் அப்பா சின்னக்கருப்பன் விடியற்காலையில் தவறிவிட்டார், இனி அவருக்கு வேன் வேண்டாம் என்றார். சாயிரா பானு துக்கம் கேட்டுவிட்டு, தகவலை எனக்குத் தள்ளினாள். இறந்தவர் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் என் வேலை. ஒரே சொடுக்கில் எடுத்தேன். மறுநாளிலிருந்து அந்த விலக்கு டிரைவர் லிஸ்ட்டில் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள், லீவு முடிந்து வந்த நர்ஸ் தமிழ்வாணி டயாலிசிஸ் சென்டரிலிருந்து கூப்பிட்டார். "இருளாயின்னு ஒரு அம்மா மூணு தடவையா வரல. என்னன்னு கேட்டீங்களா? இத்தனை நாள் விட்டா உயிருக்கே ஆபத்துங்க."

சாயிரா பானு தேடினாள். அப்படி ஒரு பெயரே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனாக நான் பழைய ஃபைலைத் திறந்தேன். சின்னக்கருப்பன், அடுத்த வரியில் இருளாயி. இருவருக்கும் ஒரே நம்பர், முத்துப்பாண்டியுடையது. மேல் வரி தங்கியது, கீழ் வரி போய்விட்டது. இத்தனை மாதமும் சின்னக்கருப்பனுக்காக வந்த வேனில்தான் அந்த அம்மாளும் ஏறி வந்திருக்கிறார். டிரைவரிடம் கேட்டேன். "லிஸ்ட்ல ஊரே இல்லண்ணே, அதான் போகல" என்றார்.

அந்த நம்பரைக் கூப்பிட்டு இருளாயி அம்மாளைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க சின்னம்மாவா?" என்றார் முத்துப்பாண்டி. "நேத்து ராவுல தவறிட்டாகங்க. இப்பத்தான் தூக்கப்போறோம்."

மேனேஜரிடம் சொன்னேன். "வயசான அம்மாதானே, எப்படியும் போயிருக்கும். இதை வெளியே பேசாதீங்க" என்றார். வயது ஐம்பத்தேழு என்று என் பழைய ஃபைலிலேயே இருந்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது போய், நான்தான் என்று சொல்லிவிட்டால் தூக்கம் வரும் என்று தோன்றியது. அதனால்தான் போனேன். அந்தக் குடும்பத்துக்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய்.

திருமங்கலத்தில் பஸ் மாறி விலக்கில் இறங்கி விசாரித்தேன். இருளாயியின் மகள் முருகம்மாள், ஓட்டு வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். டயாலிசிஸ் வேனுக்குப் போன் எடுக்கிற ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"எங்கள மதிச்சு துக்கம் கேக்க இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளேய்யா" என்றாள். "வண்டிக்காரர் மேல எங்களுக்கு வருத்தமே இல்ல. அவரு ஐயப்பனுக்கு மால போட்டிருக்காரு. பெரியப்பா செத்த கேத வீடு. இந்த வாசலுக்கு அவரு எப்பிடி வருவாரு? பதினாறு கழியட்டும், தீட்டு கழிஞ்சா வந்துருவாருன்னு இருந்தோம். அதுக்குள்ள அம்மாவுக்குக் காலு, மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு முட்டிருச்சு. ஆட்டோ புடிச்சுக் கொண்டுபோனோம். வழியிலேயே போயிருச்சு."

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அந்தப் பெண் தெய்வத்தையும் வழக்கத்தையும் காரணமாக வைத்து எப்படியோ ஆறியிருந்தாள். எனக்குத்தான் ஆறவில்லை.

"தீட்டு இல்லம்மா" என்றேன். "மாலையும் இல்ல. ஒரே நம்பருன்னு உங்க அம்மா பேரை நாந்தான் ஃபைல்லருந்து எடுத்துட்டேன். அதான் வேன் வரல. தப்பு ஏம்மேல."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் நான் சொன்னதைப் பாதிதான் கேட்டதுபோல் இருந்தது.

"அப்ப தீட்டுக்காக நிறுத்தலையா?"

"இல்லம்மா."

"அம்மா சொன்னுச்சுய்யா." அவள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டாவது தடவ வண்டி வராதப்பவே, முத்துப்பாண்டிகிட்டச் சொல்லி ஒரு போன் போடச் சொல்லுடின்னு கெஞ்சுச்சு. அந்த ஆபீசு நம்பரு அவன் போன்லதான இருக்கு. அப்பன் செத்து நாலு நாள் ஆகல, அவன்கிட்டப் போயி வண்டி வரல, போன் போடுன்னு கேக்கச் சொல்றியா, வெக்கமா இல்லையான்னு நாந்தான் அதட்டிட்டேன். அதுக்கப்புறம் அது கேக்கல."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒரு போன் போட்டிருந்தா வண்டி வந்திருக்குமாய்யா?"

வந்திருக்கும். சாயிரா பானு எடுத்திருப்பாள், ஒரு மணி நேரத்தில் வேன் அனுப்பியிருப்பாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

"வந்திருக்காதும்மா" என்றேன். "பேரே இல்லாதப்ப எப்படி வரும்?"

அவள் நம்பவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். வீட்டுக்குள் இருந்த பெண்கள் ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி என் பக்கம் திரும்பினாள்.

"மூணு நாளா தேறி இருந்த பிள்ளைய்யா. அப்பிடி என்னய்யா சொன்னீக?"