மூன்றரை விரற்கடை

பல்கலைக்கழகத்துக் குழு பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. பதினொன்றரை ஆகியும் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் நாற்பத்தொருவரும் கூடத்தின் சிமெண்டுத் தரையில் அமர்ந்திருந்தனர். பருத்தி எடுக்கும் பருவமாதலால் பாதிப்பேர் விடியலிலேயே வயலுக்குப் போய்விட்டு வந்தவர்கள். காய்ந்த பருத்தி ஓடு கிழித்த கீறல்கள் அவர்களுடைய விரல்நுனிகளில் தெரிந்தன. மேடையில் கிடந்த நான்கு நாற்காலிகளுள் ஒன்றில் பள்ளிக் குழுத் தலைவர் அமர்ந்திருந்தார். ஊர் வயல்களில் முக்கால் பங்கு அவருடையது. பிள்ளைகளின் பெற்றோருள் பெரும்பாலோர் அவருடைய பண்ணையில்தான் வேலை செய்தனர்.

மூன்றாம் வரிசையில் இருந்த நெடிய பெண்ணைத் தோழியர் ‘குச்சி’ என்று அழைப்பார்கள்.

“அடியே குச்சி, நீ இஞ்சினியர் ஆனா எங்க வீட்டு மோட்டாரைச் சும்மா பாத்துக் குடுப்பியா?”

“உங்க வீட்ல ஏதுடி மோட்டாரு? கயிறும் வாளியும்தானே கிடக்கு.”

“அதையாவது பாருடி.”

நண்பகலுக்குச் சற்று முன் ஜீப் வந்து நின்றது. இளம் பெண் பொறியாளர் ஒருவர் இறங்கி வந்து, தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். ஒவ்வொரு கிராமப் பள்ளியிலிருந்தும் ஒருவருக்குப் பொறியியல் படிப்பில் இடம் உண்டு. நான்காண்டும் கட்டணம் கிடையாது, விடுதியும் இலவசம். மதிப்பெண்ணோடு பள்ளிக் குழுத் தலைவரின் கையெழுத்தும் இருத்தல் வேண்டும். மாத இறுதிக்குள் விண்ணப்பம் வந்து சேர வேண்டும். அந்த விண்ணப்பத்தில் தலைமையாசிரியை ஏற்கெனவே குச்சியின் பெயரை எழுதி வைத்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“நீங்க தினமும் பாக்குற ஒரு கருவியச் சொல்லுங்க. அது எப்படி வேலை செய்யுதுன்னும் சொல்லணும்,” என்றார் பொறியாளர்.

குச்சி எழுந்தாள். பண்ணைக் களத்தில் கூலி கணக்கிடப் பருத்தி நிறுக்கும் தூக்குக்கோலைக் கரும்பலகையில் வரைந்தாள்: தொங்கும் இரும்புத் தண்டு, ஒரு புறம் சாக்கு மாட்டும் கொக்கி, மறுபுறம் நகர்த்தும் குண்டு.

“போன வருஷம் இந்தக் கொக்கி உடைஞ்சு போச்சு மேடம். பத்தவச்சவங்க அரை விரக்கடை உள்ள தள்ளி வச்சுட்டாங்க. முன்னாடி நடுவுலேர்ந்து நாலு விரக்கடை, இப்ப மூணரை. எங்கம்மா வரிசையில நிக்கிறப்ப விரலால அளந்து பாத்தேன். இருபத்துநாலு கிலோ சாக்கு இருபத்தொண்ணுன்னு காட்டும்.”

“அப்படின்னா காலியா இருக்கும்போதே கோல் ஒரு பக்கமா சாயணுமே? யாரும் கவனிக்கலையா?”

“சாயாது மேடம். கொக்கிப் பக்கம் ஒரு நட்டைக் கம்பியால கட்டியிருக்காங்க. சாக்கு தொங்குனாத்தான் குறையும்.”

“பாத்தீங்களா? இதுதான் பொறியியல்!” என்று பொறியாளர் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினர், பிறகு முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டனர். தலைவர் இரண்டு முறை மெதுவாகத் தட்டினார். தலைமையாசிரியையின் முகம் மாறியிருப்பதைக் கண்ட குச்சி, கணக்கில் பிழை நேர்ந்துவிட்டதோ என்று கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். கணக்குச் சரியாகவே இருந்தது.

அவள் வீடு சேருமுன்பே செய்தி வயலுக்குச் சென்று திரும்பியிருந்தது. தாய் அடுப்பின் முன் குந்தியிருந்தாள்.

“சபையில வச்சா சொல்லுவ?”

“கொக்கி தள்ளி இருக்குன்னுதாம்மா சொன்னேன். அவரு தப்புன்னா சொன்னேன்?”

“அப்ப அந்த நட்டு தானா ஏறி உக்காந்துச்சாக்கும்?”

குச்சி புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“எங்களுக்குத் தெரியாதாடி? சுமந்துட்டு வர்ற தலைக்குத் தெரியாதா எம்புட்டு கனம்னு? வாய மூடிக்கிட்டு இருக்கோம்னா, உன் ஃபாரத்துல அவரு கையெழுத்து விழட்டும்னுதான்.”

மறுநாள் காலை இருவரும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டு முன்னறைக்குச் சென்றனர்.

“வாம்மா இஞ்சினியரு,” என்று அவர் சிரித்தார். தாளை முழுவதும் படித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார், பின்னர் மூடினார். “கையெழுத்துக்கென்ன, இன்னும் இருபது நாள் இருக்கே. களத்துல எடை சொல்றவன் சரியில்ல. அதுவரைக்கும் சாயங்காலம் நீ வந்து எடை சொல்லு. நேத்துலேர்ந்து பொம்பளைங்க ஏதேதோ பேசுறாங்க. நீ சொன்னா நம்புவாங்க.”

“சரிங்கய்யா. அந்தக் கொக்கிய மட்டும் மாத்திட்டா...” என்றாள் குச்சி.

தாய் அவளுடைய முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

“பருவம் முடியட்டும், பாத்துக்கலாம்,” என்று தலைவர் விண்ணப்பத்தை இரண்டாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

“இவ வருவாங்கய்யா,” என்றாள் தாய்.

அன்று மாலை களத்தில் முப்பது பெண்கள் வரிசையில் நின்றனர். வழக்கமான கேலிப் பேச்சு எதுவும் எழவில்லை. பள்ளிச் சீருடையைக் கூட மாற்றாமல் குச்சி கோலருகே நின்று, குண்டை நகர்த்தி, எடையைச் சொன்னாள். எழுத்தர் எழுதிக்கொண்டார். அவள் சொன்னதை ஒருவரும் மறுக்கவில்லை. அவளுடைய முகத்தை ஒருவரும் பார்க்கவுமில்லை.

ஏழாவதாகத் தாய் வந்து சாக்கை மாட்டினாள். தண்டு ஆடி நின்றது. குச்சி குண்டின்மேல் வைத்த கையை எடுக்காதிருந்தாள். எழுத்தர் தலை நிமிர்ந்தார்.

“சொல்லுடி. பின்னால ஆளுங்க நிக்கிறாங்கல்ல,” என்றாள் தாய்.

“இருபத்தொண்ணு.”

தாய் சாக்கைக் கழற்றினாள். பின்னால் நின்றவள் ஒரு கை கொடுக்க, அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கிடங்கை நோக்கி நடந்தாள்.