நாற்பத்திரண்டாவது பதிவு

அன்னமேரியின் வீட்டுக்காரர் வின்சென்ட்டின் குரல் இரண்டு முறை தொலைந்துபோனது. முதல் முறை, போன வருஷம் ஆஸ்பத்திரியில், புற்றுநோயோடு சேர்த்துக் குரல்வளையையும் டாக்டர்கள் வெட்டி எடுத்தபோது. இரண்டாவது முறை இந்த வியாழக்கிழமை, வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்கு முன்னால். முதல் தடவை அவள் அழவில்லை. ஆளைத் திருப்பிக் கொடுத்தார்களே, அது போதும் என்று கோயிலில் போய் முழந்தாளிட்டாள். இரண்டாவது தடவைதான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஏனென்றால் மிச்சமிருந்த குரல் அவளுடைய போனில்தான் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் நவோமி யோசனை சொன்னாள்: "மா, அப்பா குரல ரெக்கார்ட் பண்ணி வைங்க லா. அப்புறம் கேக்கணும்னு தோணும்." வின்சென்ட்டின் குரல் லேசுப்பட்டதல்ல. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு இருபத்தெட்டு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். கப்பலின் அடித்தட்டில் நிற்பவனுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய மனுஷன், வீட்டில் சட்னிக்கு உப்புப் போதவில்லை என்பதையும் எட்டாவது மாடி முழுக்க அறிவித்துவிடுவார். அந்த மனுஷன் நான்கு நாள் உட்கார்ந்து போனில் நாற்பத்தொரு பதிவு பேசிக் கொடுத்தார்.

ஜெபமாலை முழுவதும் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது போட்டுக் கேட்க ஒரு வாழ்த்து இருந்தது. தினமும் படுக்கப் போகும் முன் கேட்கிற "மேரி, கிரில் பூட்டியாச்சா?" இருந்தது. மகள் காதில் விழவே கூடாத சிலதும் இருந்தன. அந்தச் சிலதால்தான் அன்னமேரி எதையும் வேறெங்கும் ஏற்றி வைக்கவில்லை. ஒன்றை அனுப்பப் போய் இன்னொன்று போய்விட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தாள். ஐம்பத்திரண்டு வயதிலும் அந்த வெட்கம் அவளை விடவில்லை.

அந்த வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை. முன்பெல்லாம் ஒவ்வொரு ஜெபத்தின் முன்பாதியை வின்சென்ட் சொல்வார், பின்பாதியை அவள் சொல்வாள். இந்த இரண்டு மாதமாக முன்பாதியைப் போன் சொன்னது. மெழுகுவர்த்தித் தண்டில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவள் பதில் சொல்வாள். பக்கத்தில் வின்சென்ட் ஜெபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வியாழக்கிழமை பாதி ஜெபத்தில் போன் தானாகவே உச்சத்துக்குப் போய் அலறியது. குறைக்கக் குறைக்க ஏறியது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்க்க, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அன்னமேரி போனை அணைத்தாள். மறுபடி போட்டபோது வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரையில் பொடிப் பொடியாக இங்கிலீஷ் வரிகள் வந்து நின்றன.

சனிக்கிழமை காலை வேலை முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு சூலியா தெருவில் முகம்மது கனியின் போன் கடைக்கு ஓடினாள். கனி பொறுமையான ஆள். உறையைக் கழற்றாமலேயே திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இது ரிகவரி மோடுக்கா. போனுக்குள்ள ஒரு ரிப்பேர் ரூம் இருக்குன்னு வச்சுக்குங்க. பவரும் சத்தம் ஏத்துற பட்டனும் சேத்து அமுக்கிப் பிடிச்சா இங்க கொண்டாந்து விடும். நீங்க ஒண்ணும் அமுக்கல, அதுவா வருது. அப்ப சாஃப்ட்வேர் ரோசாக், கெட்டுப்போச்சு."

திரையில் தொடுவது வேலை செய்யாது, சத்தப் பொத்தானால் வரி வரியாக நகர்ந்து, பவர் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காட்டினார். மேல் வரியிலிருந்த 'ரீபூட்'டை அமுக்கினார். அணைந்து, அதே திரைக்கே வந்தது. கீழே நகர்ந்து 'கேஷ்' என்ற குப்பையைத் துடைத்தார்; அதே திரை. பிறகு ஒரு வரியில் விரலை வைத்துச் சொன்னார்.

"மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். வைப் டேட்டா. போன் புதுசு கணக்கா எழுந்துக்கும். ஆனா உள்ள இருக்கிற எல்லாம் போயிடும். அமுக்கட்டுமா?"

அன்னமேரி அவர் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"யோசிச்சு வாங்கக்கா. வீட்ல நோண்டிப் பாக்கறேன்னு இந்த வரில நின்னு மட்டும் பவர அமுக்கிடாதீங்க" என்றார் கனி.

அவர் சொன்னபடியே வீட்டில் நோண்டத்தான் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேசை மேல் வெள்ளைத் துணியை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அன்னமேரிக்கு வேலை பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில். இருபத்துமூன்று வருஷமாக உருப்பெருக்கிக்கு அடியில் சில்லுகளைப் பார்த்து, தூசி, கீறல், விரல் ரேகை எது இருந்தாலும் ஒதுக்கி வைப்பதுதான் உத்தியோகம். எதிரே வின்சென்ட் உட்கார்ந்தார். வியாழக்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தன் குரலே போய்விட்டதே என்று மனுஷன் நொந்துபோயிருக்கிறார் என அவள் நினைத்தாள்.

ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிக்கொண்டே கீழே இறங்கினாள். அவசரத்தில் ஒரு அமுக்கு கூடிவிட்டது. வெளிச்சப் பட்டை நேராக 'வைப் டேட்டா'வில் போய் நின்றது. மேலே போகிற பொத்தானை அமுக்கினாள். பட்டை அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். அசையவில்லை. பவர் பொத்தான் பக்கமே விரல் போகாமல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, சேசுவே, சேசுவே என்றாள்.

வின்சென்ட் தன் பள்ளிக்கூட நோட்டை இழுத்து, பென்சிலால் ஒரே வார்த்தை எழுதி அவள் பக்கம் திருப்பினார். இப்போதெல்லாம் அவர் பேசுவது அந்த நோட்டில்தான்.

'அழிச்சிடு.'

"நல்லா எழுதறீங்க! உங்களுக்கு என்ன, ஒரு வார்த்தைல முடிஞ்சிருச்சு!" என்று கத்தினாள். "எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதாங்க. அழிச்சிட்டு நான் என்னத்தக் கேப்பேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குக் கோபத்தில் கண் இருண்டாலும் விரல் மட்டும் தொழில் தெரிந்த விரல். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் டிக்கென்று ஒரு சின்ன அசைவு விரல் நுனியில் தெரிகிறது. மேல் பொத்தானில் அது இல்லை. அமுக்குவதற்கு அதில் மிச்சமே இல்லை. ஏற்கெனவே அமுங்கித்தான் கிடக்கிறது.

அவள் அப்படியே நிமிர்ந்தாள். சத்தம் தானாக ஏறியது ஏன் என்று புரிந்தது. அணைத்துப் போடும்போதெல்லாம் கனி சொன்ன ரிப்பேர் அறைக்கே போய் நிற்பதும் ஏன் என்று புரிந்தது. யாரோ எந்நேரமும் அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்திருப்பதாகப் போன் நினைத்துக்கொண்டிருக்கிறது. கனி கீழே மட்டும் நகர்ந்ததால் அவருக்கு இது தட்டுப்படவில்லை. சாஃப்ட்வேருக்கு ஒரு கேடும் இல்லை, குரல் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கீழேயே நகர்ந்து நகர்ந்து, கடைசி வரியைத் தாண்டி, பட்டையை முதல் வரிக்கே கொண்டுவந்து விட்டாள். பிறகு ரப்பர் உறையைக் கழற்றினாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் வைத்து, போனின் ஓரத்தைப் பார்த்தாள்.

பொத்தானைச் சுற்றி மெழுகு. வர்த்தி உருகி வழிந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். தினமும் அதன்மேல்தானே சாய்த்து வைக்கிறாள். ஆனால் வழிந்த மெழுகு சொட்டாக உறையும், இது தட்டையாக இருந்தது. இதமாக இருக்கும்போதே யாரோ அமுக்கித் தேய்த்திருக்கிறார்கள். அதில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகையின் குறுக்கே, கோடு போட்டது போல ஒரு வெட்டு.

அந்த வெட்டை அவளுக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருஷம், துறைமுகத்தில் இரும்புக் கயிறு அறுத்த கட்டைவிரல். பதினைந்து நாள் மருந்து வைத்துக் கட்டியவள் அவள்தான்.

லென்ஸைக் கீழே வைத்தாள்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

வின்சென்ட் மறுக்கவில்லை. நோட்டை எடுத்து வெகுநேரம் எழுதினார். எழுதியதைக் காட்டத் துணிச்சல் இல்லாமல் கையால் மூடினார், பிறகு திருப்பினார்.

'சத்தம் ஏறாம இருக்கட்டும்னுதான் உறையக் கழட்டி மெழுகு வச்சேன். போன் சாகும்னு தெரியாது. பயந்துட்டேன்.'

"சத்தம் உங்கள என்ன பண்ணிச்சு? உங்க குரல்தானே?"

இன்னொரு பக்கம் புரட்டி எழுதினார். இந்தத் தடவை கையெழுத்து கோணல் மாணலாக இறங்கியது.

'மெஷின்ல நான் மேரின்னு கூப்பிட்டேன். நீ அழுத. போன்ல அவன் மேரின்னு கூப்பிட்டான். நீ சிரிச்ச. அவன் பேசும்போது நீ என் பக்கம் திரும்பறதே இல்ல.'

இரண்டு மாதத்துக்கு முன், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்து, கழுத்தில் வைத்துப் பேசும் மெஷின் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அவர் அதைக் கழுத்தில் அழுத்தி அவள் பெயரைச் சொன்னார். தகரத்துக்குள் வண்டு மாட்டியது மாதிரி ஒரு இரைச்சல். அவள் அழுதுவிட்டு உள்ளே போய், அன்று சாயங்காலமே முதல் முறையாகப் போனை மெழுகுவர்த்தியில் சாய்த்து வைத்தாள். மெஷின் அலமாரி இழுப்பறைக்குள் போனது. அதற்குப் பிறகு அவர் அதை எடுக்கவே இல்லை. அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று இவள் பாட்டுக்கு முடிவுகட்டிவிட்டாள். இருபத்துமூன்று வருஷம் தூசியைக் கண்டுபிடித்த கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனின் முகம் தெரியவில்லை.

"அவனாம், அவன்," என்றாள். "யாருங்க அவன்? அறுபது வயசுல உங்க மேலயே உங்களுக்குப் பொறாமையா?"

வின்சென்ட்டின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை; ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே மூச்சுச் சத்தம்தான். அவள் எழுந்து போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"தப்பு என் மேலதாங்க," என்றாள்.

பிறகு இரண்டு பேருமாக வேலையில் இறங்கினார்கள். அவர் போனைச் சாய்த்துப் பிடித்தார். அவள் முடி காயவைக்கும் மெஷினைத் தள்ளிப் பிடித்து இதமாகச் சூடு காட்டி, பல் குத்தும் குச்சியால் மெழுகைச் சுரண்டி எடுத்தாள். கால் மணி நேரத்தில் பொத்தான் டிக்கென்று எழும்பியது. முதல் வரியில் நின்று பவரை அமுக்கினாள். திரை அணைந்தது. கம்பெனியின் சின்னம் வந்தது. அது போவேனா என்று நின்றது. அன்னமேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் இறுக்கிப் பிடித்தார். குரல் பிழைக்க வேண்டும் என்று இப்போது அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கடைசியில் அவர்களுடைய கல்யாணப் படம் திரையில் வந்தது. பதிவுகளைத் திறந்து எண்ணினாள். நாற்பத்தொன்றும் இருந்தன. ஜெபமாலையையும் வாழ்த்தையும் உடனே நவோமிக்கு அனுப்பினாள். மற்றதை அனுப்பவில்லை. எதையும் போட்டுக் கேட்கவும் இல்லை.

போனுக்குச் சார்ஜ் குறைவாக இருந்தது. சார்ஜரைப் போனில் செருகப் போனவள் நின்றாள். அலமாரி இழுப்பறையைத் திறந்து, பஞ்சுக்கும் பழைய ரசீதுகளுக்கும் அடியில் கிடந்த மெஷினை எடுத்துத் துடைத்தாள். இரண்டுக்கும் ஒரே வயர்தான். முதலில் மெஷினுக்குப் போட்டாள்.

ஏழு மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். தண்டில் எதையும் சாய்த்து வைக்கவில்லை. மெஷினை அவர் மடியில் வைத்துவிட்டு, அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். வின்சென்ட் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நான் காத்துக்கிட்டிருக்கேன். எனக்கு எங்கயும் போற வேலை இல்ல," என்றாள்.

அவர் மெஷினைக் கழுத்தில் அழுத்தினார். இரைச்சல் கிளம்பியது. முன்பாதி துண்டு துண்டாக வந்தது. சில எழுத்துகள் வரவே இல்லை. அவள் அவர் உதட்டைப் பார்த்து, முடியும் வரை இருந்து, பின்பாதியைச் சொன்னாள். ஜெபமாலையில் ஐந்தாவது மணியைத் தாண்டியதும் கை வலித்து மாற்றிப் பிடித்தார். பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள், போன் ஐம்பது மணிக்கும் சொல்லி முடிக்கிற நேரம் ஆகிவிட்டது. அவள் ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை.

மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு அவள் எழுந்தபோது பின்னாலிருந்து மறுபடி இரைச்சல் கேட்டது.

"மேரி. கிரில். பூட்டியாச்சா?"

திரும்பினாள். வின்சென்ட் மெஷினைக் கழுத்தில் வைத்தபடியே, அழப்போகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துதான் இருந்தது. ஆனால் சிரித்தாள், வாய்விட்டு, பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி.

"இருங்க, இருங்க," என்று ஓடிப் போய்ப் போனை எடுத்து வந்து, பதிவு செய்யும் சிவப்பு வட்டத்தை அமுக்கி அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் சொன்னார். போன் அதற்கு நாற்பத்திரண்டு என்று எண் போட்டுக்கொண்டது.

"இன்னும் இல்லங்க," என்று சொல்லிவிட்டு அன்னமேரி கிரில்லைப் பூட்டப் போனாள்.